ஓய்வுக்கு முன் ஒரு பாடம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர்க்குப் பாடம் சொன்ன நான், ஓய்வுபெறும் தறுவாயில் ஒரு பாடம் கற்றேன்.

தலைமையாசிரியன் என்ற முறையில் பிற ஆசிரியர்களின் பணிப் பதிவேடுகளை வரிவரியாகப் பார்த்துக் கையொப்பமிட்டவன் நான். மேலலுவலகத்தில் இருந்த என் பதிவேட்டைப் பார்த்தேனில்லை. 2021-ஆம் ஆண்டு, ஓய்வூதியக் கருத்துரு அனுப்பும் பொருட்டு அதனைப் புரட்டினேன். என் மனைவியின் பெயர் ‘காமாட்சி’ என்றிருந்தது. ஆதார் அட்டையிலோ ‘காமாட்சியம்மாள்’.

இது சிறு பிழைதானே எனலாம். ஆனால், நான் கண்மூடிய பின் அவளுக்குரிய குடும்ப ஓய்வூதியம் அப்பெயரைப் பற்றியே நிற்கின்றது. துணைவர்க்கும் உதவும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அவ்வாறே. துணையை இழந்த மூதாட்டி, தான் இன்னாரென மெய்ப்பிக்க அலுவலகப் படியேறுதல் கொடிது. திருத்தம் பெற எனக்கே ஏழு திங்கள் ஆயின.

ஆகவே, ஓய்வுக்கு ஈராண்டு முன்பே பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். பிறந்த நாள், பணியேற்ற நாள், விடுப்புக் கணக்கு, பணிக்காலச் சரிபார்ப்பு, வாரிசு நியமனம் ஆகிய ஐந்தையும் ஒப்பிடுங்கள். 2003 ஏப்ரலுக்கு முன் பணியேற்றோரின் ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகம் செல்லும். அவ்வலுவலகம் ஏட்டில் உள்ளதையே அறியும். நம் முகத்தை அறியாது.

ஓய்வூதியம் கருணைக் கொடையன்று, உரிமை என்று 1982 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையாயினும், ஏடு ஒழுங்காயிருந்தாலன்றோ காலத்தில் கைக்கு வரும்? மாணவன் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுமுன் இருமுறை கேட்ட நாம், வாழ்க்கைத் துணையின் பெயரை ஒருமுறையேனும் சரிபார்ப்போமாக.