மலைவழிக்கு ஏற்ற கட்டுணவு

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர், விடுமுறையில் ஊர் திரும்புங்கால் திருப்பதிக்குச் சென்று வருதல் வழக்கம். அவர்தம் பிள்ளைகளுள் சிலர் இன்று அலிபிரிப் படிகளோடு அமைவதில்லை. தலக்கோனை அருவிக் காட்டையும், பங்குனிப் பௌர்ணமியை ஒட்டிய முக்கோடி விழாவில் தும்புரு தீர்த்தத்தையும் நடந்து காண விழைகின்றனர். முதுகுப் பையில் எவ்வுணவைச் சுமந்து செல்வது என்னும் வினா அப்பொழுது எழுகின்றது.

கடைகளில் இப்பொழுது உறையவைத்து உலர்த்திய உணவுப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. சமைத்த உணவை முதலில் கடுங்குளிரில் உறையச் செய்வார்கள். பின்னர்க் காற்றை அகற்றிய கலத்தில் வைத்து இலேசாகச் சூடேற்றுவார்கள். அந்நிலையில் பனிக்கட்டி உருகி நீராகாமல் நேரே ஆவியாகிவிடும். உணவின் வடிவமும் மணமும் பெரிதும் நிலைத்து நிற்கும். நீர் மட்டும் நீங்கும். மைசூரில் 1961-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக்கூடம், படைவீரர் எளிதில் சுமந்து செல்லத்தக்க உணவுகளையே தன் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டது.

சமைத்த சோற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரே. ஆதலின் உலர்ந்த பொட்டலம் இலேசாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் உண்ணும்பொழுது அந்நீரைத் திரும்ப ஊற்றியாக வேண்டுமன்றோ? வழியில் நல்ல நீர் கிடையாதெனின், அதையும் நாமே சுமக்க வேண்டும். அப்பொழுது எடை குறைந்ததாகச் சொல்வதற்கில்லை.

மற்றொரு தடையும் உண்டு. இப்பொட்டலங்களுள் பல கொதிநீரை வேண்டுவன. சேஷாசலக் காட்டின் ஒரு பகுதி 1989 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாக விளங்குகின்றது. பங்குனி மாதத்துச் சருகில் ஒரு பொறி விழுந்தால் செம்மரக் காடே எரியும். அங்கே அடுப்பு மூட்டுதல் ஆகாது. புறப்படும் இடத்திலேயே வெந்நீரைக் குடுவையில் நிரப்பிக்கொள்வது ஒரு வழி. தண்ணீரிலேயே ஊறிவிடும் வகையைத் தேர்ந்துகொள்வது மற்றொரு வழி.

தண்ணீரில் ஊறும் உணவு நமக்குப் புதியதன்று. ஊறவைத்த நெல்லை வறுத்து இடித்துத் தட்டையாக்கிய அவல், முன்னரே வெப்பம் பட்டதாதலின், தீயின்றியே மென்மையாகும். சிறிது வெல்லமும் வேர்க்கடலையும் சேர்ந்தால் நண்பகல் உணவுக்கு அது போதும். ஒரு நாள் நடைக்குப் புளியோதரையும் ஏற்றதே. புளியும் நல்லெண்ணெயும் அது விரைவில் கெடாமல் காக்கின்றன. தயிர்சோறோ வெயிலில் விரைவில் புளித்துவிடும்.

அலிபிரி வழியில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. எனினும் குடிநீரும் கடைகளும் இருப்பதால் அங்கே சுமை தேவையில்லை. ஒரு பகல் காட்டுநடைக்கு அவலும் புளியோதரையும் போதுமானவை. இமயமலைச் சாரலில் பல நாள் நடப்பவர்க்கே உலர் பொட்டலம் முழுப் பயன் தரும். அங்கே வழியில் ஓடைநீர் கிடைக்கும், காய்ச்சிக்கொள்ளச் சிற்றடுப்பும் உடன் செல்லும். அதனை வாங்குவோர் எவ்வளவு நீர் ஊற்ற வேண்டும், வெந்நீரா தண்ணீரா, எத்துணைக் கலோரி, எத்துணை உப்பு என்பவற்றைப் படித்தறிக. இருவர்க்குரியது என்னும் குறிப்பைவிடக் கலோரிக் கணக்கே நம்பத்தக்கது. காற்றுப் புகுந்த பொட்டலத்தை விலக்குக. புறப்படுமுன் வீட்டில் ஒருமுறை சமைத்து உண்டு பார்ப்பது நலம்.

இறுதியாக ஒன்று. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அலிபிரி வழியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் உயிரிழந்தாள். எறிந்த எச்சில் உணவு நாயையும் பன்றியையும் வழியருகே ஈர்க்கும். அவற்றை நாடிச் சிறுத்தை வரும். ஆகையால் உண்ணும் அளவே எடுத்துச் செல்லுங்கள். மீந்ததையும் வெற்றுப் பொட்டலத்தையும் கீழே கொண்டுவந்து சேருங்கள். நமக்குப் பின்னே அவ்வழியில் பிறர் வீட்டுக் குழந்தைகளும் நடந்து வருவார்கள்.