ஒரு வாய், இரு பேச்சு



இணையத்தில் விழியம் வெளியிடுவோர் எதையும் பேசலாம், அவர்தம் பேச்சுக்கு அணையே இல்லை எனப் பலரும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. வாய் அவர்களுடையது; திண்ணை பிறருடையது.

2005-இல் தோன்றிய யூடியூபை மறு ஆண்டே கூகுள் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. நெடிய விழியங்களின் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 45 பங்கை அந்நிறுவனம் எடுத்துக்கொள்ள, எஞ்சிய 55 விழியத்தாரைச் சேரும். விளம்பரம் தருவோர் முகஞ்சுளித்தால் அந்த 55-உம் போயிற்று! 2017-இல், வெறுப்பு விழியங்களின் மீது தம் விளம்பரம் ஓடக் கண்டு பெருநிறுவனங்கள் பல பின்வாங்கின. விதிகள் இறுகின. போரைப் பற்றி நேர்மையாகச் செய்தி சொன்னவர்களும் வருவாய் இழந்தனர்.

விளைவு என்ன? பேசுவோர் தம் நாவைத் தாமே கட்டிக்கொண்டனர். ஆங்கிலத்தார் கொலை, தற்கொலை என்பவற்றுக்குரிய தம் சொற்களைக் கைவிட்டு, 'அன்அலைவ்' என்றொரு முடச்சொல்லை டிக்டாக் முதலிய தளங்களில் வழங்கலாயினர். அது புலவர் ஆக்கியதன்று. மக்கள் வாழ்வில் முளைத்ததுமன்று. கணிப்பொறியின் தடைக்கு அஞ்சிப் பரவியது. இன்று பிள்ளைகள் நேர்ப்பேச்சிலும் அதனை ஆள்கின்றனராம். பிறமொழி புகுந்து தமிழைக் கெடுப்பதையே கண்டு வந்தோர்க்கு, ஆங்கிலத்தை அதன் வணிகமே கெடுப்பது புதுச்செய்தி!

இனி, மாற்றுத் தளங்கள். கனடாவில் 2013-இல் இரம்பிளும், இங்கிலாந்தில் 2017-இல் பிட்சூட்டும் எழுந்தன. யூடியூபு விலக்கியவர் சிலர் அங்குக் குடியேறினர். வேறு சிலரோ இரண்டிலும் கால் வைத்தனர். யூடியூபில் அடக்கமான பேச்சு. 'எஞ்சியதை அங்கே காண்க' என ஒரு கைகாட்டி. அங்கே காழ்ப்பும் பொய்யும் கொட்டப்படும். மாமியார் வீட்டில் ஒரு பேச்சு, தாய்வீட்டில் ஒரு பேச்சு! இனவெறியர்க்குப் புகலிடமாகிவிட்ட பிட்சூட்டை உரிமைக்களம் எனப் போற்றுவது அறியாமை. மேலும், அங்கே காண்போர் குறைவு. எனவே பழைய திண்ணையை எவரும் மனமுவந்து விடுவதில்லை.

பிரான்சு நாட்டு அமைப்பொன்று உருவாக்கிய பியர்டியூபு வேறு வகையினது. எவரும் தம் சொந்தக் கணிப்பொறியில் அதனை நிறுவிப் பிறருடன் இணைக்கலாம். விளம்பரத்தார்க்கு அஞ்ச வேண்டுவதில்லை. விளம்பர வருவாயும் இல்லை. கூலியில்லாக் களத்துக்கு எத்தனை பேர் வருவர்?

தமிழர்க்கும் இதில் பட்டறிவு உண்டு. 2020 சூன் 29-இல் இந்திய ஒன்றிய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. சிற்றூர்ப் பெண்களும் உழைப்பாளிகளும் தம் வட்டார வழக்கிலேயே பேசி ஈட்டிய பார்வையாளர் கூட்டம் ஓரிரவில் கலைந்தது. பலர் யூடியூபுக்கும் இன்சுடாகிராமுக்கும் பெயர்ந்தனர். கூட்டம் அப்படியே உடன் வரவில்லை. மீண்டும் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினர்.