பலகைப் பாலமும் கணிப்பொறிப் படமும்



செம்பனைத் தோட்டங்களில் கால்வாயைக் கடக்கப் பலகை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குலை ஏற்றிய தள்ளுவண்டி அதன்மேல் ஏறும்போது பலகை தொய்யும். வண்டி தள்ளுகிறவருக்கு நெஞ்சு பதறும். அந்தப் பலகை எங்கே அதிகமாக வளைகிறது, எங்கே முறியக்கூடும் என்பதை வண்டி ஏறுமுன்பே கணக்கிடலாம். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ ‘ஷியர் போர்ஸ்’, ‘பெண்டிங் மோமெண்ட்’ என்று சொல்லிக்கொண்டு படம் வரைகிறார்களே, அது இந்தக் கணக்குத்தான். தமிழில் வெட்டுவிசை, வளைவுத் திருப்புத்திறன் என்கிறோம்.

4 மீட்டர் இடைவெளிக்குக் குறுக்கே ஒரு பலகை. இரு கரைகளும் அதைத் தாங்குகின்றன. நடுவில் 100 கிலோ பாரம் நிற்கிறது. பலகையின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கரைக்கு 50 கிலோ வீதம் பாரம் பிரிகிறது. பலகையை ஓரிடத்தில் குறுக்கே வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு மேலும் மறு துண்டு கீழும் நழுவப் பார்க்கும் அல்லவா? அதுதான் வெட்டுவிசை. இங்கே அது நடுவரை 50. நடுவைத் தாண்டியதும் திசை மாறிய 50. வளைவுத் திருப்புத்திறனோ கரையில் சுழியம். நடுவில் 50ஐ 2ஆல் பெருக்க, 100 கிலோ-மீட்டர். படம் லயத்து வீட்டுக் கூரை போல இருக்கும்.

ஆனால் வண்டி ஒரே இடத்தில் நிற்பதில்லையே! கரையிலிருந்து 1 மீட்டரில் நிற்கும்போது பக்கத்துக் கரைக்கு 75, எதிர்க்கரைக்கு 25. வளைவு 75 ஆகக் குறைகிறது. வெட்டுவிசையோ 75 ஆகக் கூடுகிறது. வண்டி நகர நகரப் புதிய படம் வேண்டும். கையால் வரைந்தால் ஒரு நோட்டுப் புத்தகமே தீர்ந்துபோகும்.

இங்கேதான் கணிப்பொறி கைகொடுக்கிறது. ‘ஆக்டேவ்’ என்னும் கணித மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பாரத்தை எட்டாத இடத்தில் அதைச் சுழியமாக எண்ணு, தாண்டிய பிறகு கணக்கில் சேர் என்று சில வரிகள் எழுதினால் போதும். 1919இல் மக்காலே என்பவர் எழுதிய கட்டுரையால் பரவிய முறை இது. வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, எல்லாக் கூரைகளையும் கணிப்பொறி நொடியில் வரைந்துவிடும். அவற்றின் உச்சிகளைச் சேர்த்தால் நடுவில் உயர்ந்த ஒரு குன்று தெரியும்.

தப்பான எண்ணைத் தட்டினாலும் அது அழகாகத்தான் வரையும்! ஆகையால் பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இரு கரைகளும் தாங்குவதைக் கூட்டினால் மொத்தப் பாரம் வருகிறதா? திருப்புத்திறன் கோடு இரு கரையிலும் சுழியத்தைத் தொடுகிறதா? இல்லையென்றால் எங்கோ பிசகு.

படத்தில் கரையோரம் வளைவு இல்லை என்பதற்காக அந்த முனையை மறந்துவிடக் கூடாது. வண்டி கரையை நெருங்கும்போது வெட்டுவிசை அங்கேதான் மிகுதி. சேற்றில் கிடந்து பலகை உளுத்துப்போவதும் அங்கேதான். உளுத்த மரத்தைக் கணிப்பொறி அறியாது. கத்தி முனையால் குத்திப் பார்க்கும் அப்பாவுக்குத்தான் அது தெரியும்.

இன்னொன்று. 2 அங்குலக் கனமும் 6 அங்குல அகலமும் உள்ள பலகையைப் படுக்கப் போடாமல், விளிம்பில் நிறுத்திப் போட்டால் வளைவைத் தாங்கும் வலு மூன்று மடங்கு. வீட்டு உத்திரங்களை அப்படித்தான் நிறுத்தி வைக்கிறார்கள். பாலத்துக்கு இரண்டு பலகைகளை அவ்வாறு நிறுத்தி, பக்கவாட்டில் சாயாதபடி குறுக்குக் கட்டை அடித்து, மேலே நடைபலகை பரப்புங்கள்.