ஒரு பிள்ளை, ஐந்து துறைகள்



இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளை யார் நினைவாக நிறுவப்பட்டதோ அவரை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. பெரிய வாத்தியார், அவ்வளவுதான். அவரிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன் நான். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடக்கிற வேலை எனக்கு. வராத பிள்ளையின் கட்டத்தில் பென்சிலால் பொடியாக ஓர் எழுத்து இருக்கும். 'வ' என்றால் வயிற்றுவலி, 'கா' என்றால் காய்ச்சல். 'மா' என்றால் மாடு மேய்க்கப் போயிருக்கிறான். 'ப' என்றால் பசி. மாதக் கடைசியில் எழுத்துகளை எண்ணுவார். 'வ' கூடியிருந்தால் அன்று மாலை ஊர்க் கிணற்றடியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

பசிக்கும் வருகைக்கும் உள்ள தொடர்பை நம் மாகாணம் நூறாண்டுக்கு முன்பே கண்டுகொண்டது. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. பிள்ளைகளின் வறுமையால் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்பதுதான் காரணம். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று கணக்கும் சொன்னார்கள். பிறகு காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, கலைஞர் காலத்து முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. இந்த வரலாறு நீங்கள் அறிந்ததுதான். நான் பேச வந்தது திட்டங்களின் நடுவே இருக்கிற இடைவெளியைப் பற்றி.

கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்வோம். அது வெறுங்காலோடு ஈர மண்ணை மிதிக்கிற பிள்ளையின் தோல் வழியே நுழைகிறது. குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் உறிஞ்சுகிறது. பிள்ளை வெளுக்கிறது, சோர்கிறது, இரண்டாவது பீரியடில் தலையை மேசையில் சாய்க்கிறது. நாம் அதற்கு 'மந்தம்' என்று பெயர் வைக்கிறோம். இதைத் தடுக்க அரசிடம் எல்லாமே இருக்கின்றன. குடற்புழு மாத்திரை, வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை, விலையில்லாக் காலணி, கழிப்பறை, சோறு. மாத்திரை சுகாதாரத் துறை, காலணி பள்ளிக் கல்வித் துறை, சோறு சமூக நலத் துறை, கிராமத்துக் கழிப்பறைக்கு ஊராட்சி, காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். பிள்ளை ஒன்று, கணக்கு ஐந்து.

புழுவை விட்டுவிட்டு இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுத் திறந்தவெளியில் மலம் கழிப்பதை அப்படியே விட்டால், சில மாதத்தில் புழு திரும்ப வரும். இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் போதும், அடுத்த வாரம் பாதி வகுப்பு மாத்திரையை ஜன்னல் வழியே எறியும். அதனால்தான் விவரம் தெரிந்த டீச்சர், சாப்பிட்டுத் தட்டுக் கழுவி வந்த பிறகு, தன் கண்முன்னே விழுங்கச் சொல்கிறார். ஒருங்கிணைப்பு என்று பெரிய வார்த்தை சொல்கிறோமே, தட்டுக் கழுவுகிற குழாய்க்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே உள்ள அந்தப் பத்து நிமிடம்தான் அது.

அமெரிக்காவில் 1987இல் ஆலன்ஸ்வொர்த், கோல்பே என்ற இருவர் இதையே எட்டு அங்கங்கள் கொண்ட ஒரு திட்டமாக வகுத்தார்கள். உணவு, உடற்பயிற்சி, மருத்துவம், மனநலம், குடும்பத்தின் பங்கு என்று போகும் பட்டியல் அது. 2014இல் அது பத்து அங்கங்களாக விரிந்தது. படம் போட்டால் அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அதைவிடக் கென்யாவின் அனுபவம் பயனுள்ளதாகப் படுகிறது. அங்கே புசியா பகுதியில் 75 பள்ளிகளில் படிப்படியாகக் குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மிகுவல், கிரெமர் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளிக்கு வராமை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. தேர்வு மதிப்பெண் உயர்ந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கணக்கைப் பற்றிப் பின்னர் பெரிய சர்ச்சையே நடந்தது. அது இருக்கட்டும். மாத்திரை பிள்ளையை வகுப்பறை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. வாசலுக்கு உள்ளே நடப்பது மாத்திரையின் பொறுப்பு இல்லையே! அது நம் பொறுப்பு.

கண் விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் பளிச்சென்று தெரியும். மருத்துவக் குழு பள்ளிக்கு வருகிறது, பரிசோதிக்கிறது, கண்ணாடியும் வருகிறது. ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணாடி கொடுக்கவில்லையா என்று கேட்டேன். பையைத் திறந்து, துணிக்குள் சுற்றி வைத்திருந்ததைக் காட்டினாள். போட்டால் 'சோடாபுட்டி' என்கிறார்களாம். அம்மாவும், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி இது, நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாராம். வகுப்பாசிரியருக்கு அவளுக்குக் கண்ணாடி வந்த சேதியே தெரியாது. அந்தத் தகவல் மருத்துவக் குழுவின் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

ஆசிரியர்களுக்கு இன்னொரு வேலையா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களை ஏற்றி ஏற்றியே பாதி நாள் போகிறது என்பது எனக்கும் தெரியும். ஆகவே புதிய படிவம் எதையும் நான் கேட்கப் போவதில்லை. புதிய செயலியும் வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், சத்துணவுக் கூடத்திலேயே, அரைமணி நேரம் போதும். வகுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர், கிராம சுகாதாரச் செவிலியர், சுயஉதவிக் குழுவில் ஒருவர், பெற்றோரில் ஒருவர் உட்காருங்கள். நடுவில் வருகைப் பதிவேடு மட்டும் இருக்கட்டும். எந்தப் பிள்ளை ஐந்து நாளுக்கு மேல் வரவில்லை, ஏன் என்று மட்டும் பேசுங்கள். மாதாமாதம் அதே மூன்று நாள் வராத பெண்பிள்ளை யார் என்று பாருங்கள். பிறகு எழுந்துபோய்க் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய வாத்தியாரின் பதிவேடுகள் எதுவும் இன்று இல்லை. கெடு முடிந்த பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிருக்கும். இந்த அரங்கில் நாற்பது தலைமையாசிரியர்களாவது இருப்பீர்கள். நாளைக் காலை மணி அடித்ததும் பதிவேட்டைத் திறக்கும்போது, பக்கத்தில் ஒரு பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.