ஆல்பத்தில் மிஞ்சிய முகங்கள்



நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் கம்போடியர்களுக்கும் புத்தாண்டு. 1975-இல் அந்தப் புத்தாண்டை ஒட்டியே, ஏப்ரல் 17 அன்று, தலைநகர் புனோம் பென் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது. உள்நாட்டுப் போர் ஓய்ந்தது என்று ஜனங்கள் தெருவில் நின்று வரவேற்றார்கள். அன்றைக்கே உத்தரவு வந்தது: எல்லாரும் ஊரைக் காலி செய்யுங்கள், அமெரிக்கா குண்டு போடப்போகிறது, இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம். சுமார் 20 லட்சம் பேர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்கள் உட்பட, கொளுத்தும் வெயிலில் நடந்தார்கள். அரிசி, பாத்திரம், நகையோடு சிலர் குடும்ப ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆல்பமே வழியில் எமனானது. படித்தவர் யார், அரசு உத்தியோகம் பார்த்தவர் யார், பழைய ராணுவத்தில் இருந்தவர் யார் என்று கெமர் ரூஜ் ஆட்கள் தேடித் தேடிப் பிடித்தார்கள். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை கோட்டு சூட்டில் நிற்கிறார்; இன்னொரு படத்தில் சித்தப்பா ராணுவ உடுப்பில் இருக்கிறார். குடும்பத்தையே காட்டிக்கொடுக்க ஒரு படம் போதும். ஆகவே ஜனங்கள் பெற்ற தாயின் படத்தைக்கூடத் தங்கள் கையாலேயே எரித்தார்கள், மண்ணில் புதைத்தார்கள். ஒன்றிரண்டைத் துணி மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு.

1979 ஜனவரியில் வியட்நாம் படை அந்த ஆட்சியை விரட்டியது. அதற்குள் 15 முதல் 20 லட்சம் பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிர் தப்பியவர்களில் பல்லாயிரம் பேர் தாய்லாந்து எல்லைக்கு ஓடினார்கள். அங்கே காவோ ஐ டாங் போன்ற முகாம்களில், வெளிநாடு போக விண்ணப்பித்த குடும்பங்களைப் படம் எடுத்தார்கள். இன்று அமெரிக்காவின் லாங் பீச்சில் குடியேறியவர்களின் பல வீடுகளில் ஆல்பத்தின் முதல் பக்கம் இதுதான். பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க, முன்னால் எண் எழுதிய ஒரு பலகை. யாரும் சிரிப்பதில்லை. அப்பா இருக்கவேண்டிய இடத்தில் பல படங்களில் மூத்த பிள்ளை நிற்கிறான்.

ஹைங் ங்கோர் என்ற மருத்துவரை நினைக்காமல் இதைப் பேச முடியாது. அவர் பிரசவ மருத்துவர். தாம் மருத்துவர் என்பதை மறைத்தே அந்த ஆட்சியில் உயிர் வாழ்ந்தார். அவர் மனைவி பிரசவ வேளையில் அவர் கண்ணெதிரே இறந்தார். பிறகு ங்கோர் 'கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கினார். மனைவியின் படம் வைத்த தங்க லாக்கெட் எப்போதும் அவர் கழுத்தில் இருக்கும். 1996-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வழிப்பறிக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தவர் லாக்கெட்டைக் கொடுக்க மறுத்தார் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் சொன்னார்கள். அந்த லாக்கெட் கிடைக்கவே இல்லை.

இன்னொரு வகைப் படமும் இருக்கிறது. சொல்லவே மனம் கூசுகிறது. புனோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கெமர் ரூஜ் ஆட்கள் தூல் ஸ்லெங் என்ற சித்திரவதைச் சிறையாக்கி, கொண்டுவந்த கைதிகளை வரிசையாகப் படம் எடுத்தார்கள். அவற்றில் ஆயிரக்கணக்கான படங்கள் தப்பின. அந்த ஆவணங்களை 2009-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வீட்டில் இருந்ததை எல்லாம் இழந்த குடும்பங்கள் அந்தப் படங்கள் மாட்டிய சுவரில் அண்ணனைத் தேடின, மாமாவைத் தேடின. கொன்றவன் எடுத்த படத்தைத் தவிர அவர்களில் பலருக்கு வேறு படமே கிடையாது.

2021-இல் ஓர் அயர்லாந்துக்காரர் அந்தக் கைதிப் படங்களுக்கு வண்ணம் ஏற்றினார். சில முகங்களில் சிரிப்பையும் வரைந்தார். ஓர் இணைய இதழ் அவற்றை வெளியிட்டது. கம்போடியர்கள் கொதித்தெழுந்தார்கள், அரசும் கண்டித்தது, இதழ் படங்களை நீக்கியது. விவசாயி என்று அதில் எழுதியிருந்த ஒருவர் உண்மையில் பள்ளி ஆசிரியர் என்பதை அவர் உறவினர் வந்து சொல்லவேண்டியிருந்தது.

அந்த மனிதர்கள் சிரித்த படங்கள் இருக்கத்தான் செய்தன. அவை எரிந்துபோன ஆல்பங்களில் இருந்தன. சிறையில் எடுத்த படத்தில் தெரிகிற பயம், நடந்த கொலைக்குச் சாட்சி. அந்தச் சாட்சியைத் திருத்த, அதுவும் வீட்டாரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் திருத்த, எந்தக் கலைஞருக்கும் உரிமை கிடையாது.