கணக்கு நமக்கும் வரும்

(ஓசூரில் பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களைத் தினமும் பார்க்கிறீர்கள். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று இந்த மண்ணில் ஆலைகள் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நம் காலனிகளில் என்ன வேலை என்று கேட்டால் காண்ட்ராக்ட், லோடிங், ஹவுஸ்கீப்பிங் என்ற பதில்தான் அதிகம் வருகிறது. இயந்திரத்தை வடிவமைக்கும் மேசையில் நம் ஆட்கள் எத்தனை பேர்?

அண்ணல் அம்பேத்கர் 1942இல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் கொடுத்த மனுவில் இதைத்தான் பேசினார். கலையும் சட்டமும் படித்தால் மட்டும் போதாது, நம் பிள்ளைகள் உயர் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க அரசு பணம் தர வேண்டும் என்றார். 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இன்றும் தொடர்கிறது.

“கணக்கு உனக்கு வராது, வேற குரூப் எடு” என்று என்னிடமும் சொன்னார்கள். நான் கணக்கைத்தான் எடுத்தேன். இன்று ஓர் ஆலையில் டூல் டிசைன் செய்கிறேன். கணக்கு எந்தச் சாதியின் ரத்தத்திலும் ஓடுவதில்லை, போட்டுப் போட்டுப் பழகினால் வரும். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்கிற நமக்கு மூன்றிலும் மாறாமல் இருப்பது கணக்கு ஒன்றுதான்.

பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் குரூப்தான் கதவு. பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண்ணில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நுழைவுத்தேர்வு இல்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 3. பர்கூரிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டிய வீடா? பாலிடெக்னிக் சேருங்கள். டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம்.

“கோட்டாவில் வந்தவன்” என்பார்கள். தலைமுறை தலைமுறையாக நம்மைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியதும் கோட்டாதான். நாம் கேட்பது நம் பங்கு.

சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். படிவத்தில் கணித குரூப் என்று எழுதுங்கள். மதிப்பெண்ணைக் காட்டித் தர மறுத்தால் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், எங்களிடம் வாருங்கள். தலைமையாசிரியர் அறைக்கு உங்களோடு நாங்களும் வருகிறோம்.