கித்தாரில் ஒட்டாமல் போன உபகரணங்கள்

1961-ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் மேடையேறிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கமும் கித்தார் மோகம் பற்றிக்கொண்டது. 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதைச் சுருக்கி 'கூகிரான்' என்று மலாய் மொழியில் ஒரு சொல்லே பிறந்துவிட்டது. ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின், கித்தாரின் குதிரையில் செருகியிருந்த ஓர் இரும்புக் கோலை ஆட்டி ஸ்வரத்தை நெளிய வைப்பார். அந்தக் கோல் உலகமெங்கும் நிலைத்துவிட்டது. ஆனால் கித்தாருக்கென்று வந்த துணைக்கருவிகள் எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களின் தொடக்கத்தில் வந்த அந்தக் கித்தாரின் குதிரை மேல் பளபளப்பான உலோக மூடி ஒன்று இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் அது இருக்கும்வரை, உள்ளங்கையைத் தந்தியின் மேல் வைத்து நாதத்தை அடக்க வழியில்லை. வாசிப்பவர்கள் அதைக் கழற்றினார்கள். சிகரெட் சாம்பலைத் தட்ட வாகாக இருந்ததால் 'ஆஷ்ட்ரே' என்றே அதற்குப் பெயர் வந்தது. 1962-ல் ஜாகுவார் கித்தார் வந்தபோது, தந்திகளை அடக்குவதற்கென்றே மெத்து வைத்த ஒரு விசையை அதே நிறுவனம் பொருத்தியது. உள்ளங்கை சம்பளமில்லாமல் செய்கிற வேலைக்கு ஓர் இயந்திரம்! அதையும் பலர் கழற்றி வைத்துவிட்டார்கள்.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதைகள். 'கிஸ்மோட்ரான்' கதை அப்படியல்ல. இங்கிலாந்தின் 'டென் சிசி' குழு 1975-ல் புகழின் உச்சியில் இருந்தது. அதில் இருந்த கெவின் காட்லி, லோல் கிரீம் இருவருக்கும் ஓர் ஆசை. கித்தாரில் வயலின் வில்லைப் போல ஓயாமல் நாதம் வர வேண்டும். குதிரைக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி. அதற்குள் மோட்டாரால் சுழலும் ஆறு பல் சக்கரங்கள், தந்திக்கு ஒன்றாக. ஒரு விசையை அழுத்தினால் அதற்குரிய சக்கரம் தந்தியை உரசும். கேட்பதற்கு நல்ல யோசனைதான். இந்தக் கருவியில் மூழ்கிப்போன இருவரும் 1976-ல் குழுவை விட்டே விலகினார்கள். கருவியின் பெருமையைக் காட்ட மூன்று இசைத்தட்டுகள் அடங்கிய 'கான்சிக்குவன்சஸ்' தொகுப்பை 1977-ல் வெளியிட்டார்கள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் முரட்டுப் பங்க் பாடல்களுக்கு இளைஞர்கள் துள்ளிக்கொண்டிருந்த வருடம் அது. தொகுப்பு எடுபடவில்லை.

கருவி 1979-ல் கடைக்கு வந்தது. வெப்பமும் ஈரமும் மாறினால் அதன் போக்கும் மாறியது. சக்கரத்துக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி மயிரிழை பிசகினாலும் இனிய நாதத்துக்குப் பதில் கீச்சொலிதான். ஜொகூர் பாருவின் புழுக்கத்தில் அது எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் அதை ஓர் இசைத்தட்டில் பயன்படுத்தினார். அந்தப் பெருமையும் விற்பனைக்கு உதவவில்லை. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றுபோனது. அதே சமயத்தில் ஈ-போ என்ற கையடக்கக் கருவி, தந்தியைத் தொடாமலே காந்த விசையால் அதை அதிர வைத்தது. உள்ளே சக்கரமும் இல்லை, பல்லும் இல்லை. அது இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

கிப்சன் நிறுவனம் வாங்கிய அடி இன்னும் பெரியது. தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் 'ரோபோ கித்தார்' 2007-ல் வந்தது. பிரடைகளை மோட்டாரே திருப்பும். மின்கலம் இருக்கும்வரை கவலையில்லை. விரும்பியவர்கள் மட்டும் வாங்கியவரை யாரும் குறை சொல்லவில்லை. 2015-ல் தன் அமெரிக்கத் தயாரிப்புகளில் பெரும்பாலானவற்றில் இதைக் கட்டாயமாகப் பொருத்தி விலையையும் ஏற்றியபோதுதான் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். கை தானாகச் செய்துகொள்ளும் காரியத்துக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதானே? அடுத்த ஆண்டே பழைய பாணிப் பிரடையோடு தனி வரிசை திரும்பி வந்தது. 2018-ல் கிப்சன் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனதற்கு வேறு தொழில்களில் சேர்ந்த கடன்தான் பெரிய காரணம். பழியை முழுக்க ரோபோ மேல் போடக்கூடாது.

நம் சங்கீதத்தை ஒட்டிய கதையும் உண்டு. ஜான் மக்லாஃப்லின் 1970-களில், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர், கடம் விநாயக்ராம், தபேலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவைத் தொடங்கினார். வீணையின் கமகம் கித்தாரில் வர வேண்டும் என்பதற்காக மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்க வைத்தார். தந்தியை அழுத்தினால் ஸ்வரம் மேலேறும். சித்தாரைப் போலத் தானாக ஒலிக்கும் ஏழு தந்திகளும் குறுக்கே போடப்பட்டன. இசை அபாரமாக வந்தது. ஆனால் ஏழு தந்திகளுக்கும் ராகத்துக்கு ராகம் சுருதி கூட்டிக்கொண்டு எத்தனை பேர் உட்கார முடியும்? குறுக்குத் தந்திக் கித்தார் ஒருவர் கையோடு நின்றுவிட்டது. 1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்று குழு மீண்டும் கிளம்பியபோது அவர் கையில் இருந்தது குறுக்குத் தந்தி இல்லாத மின்கித்தார்.

பின்னர் அந்த மேடையில் அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். மாண்டலினில் வழக்கமாக ஜோடி ஜோடியாக எட்டுத் தந்திகள் இருக்கும். அவர் எதையும் கூட்டவில்லை, குறைத்தார். ஒற்றைத் தந்திகள் ஐந்து, நாதம் நீள மின்சாரம், அவ்வளவுதான். 2014-ல் அவர் மறைந்தார். கச்சேரிகளில் மாண்டலின் இன்றும் ஒலிக்கிறது.